மகனுக்கு வாங்கின பழைய லேப்டாப்

மூணு வாரமா இங்க எழுத முடியலை. மஞ்சளுக்குக் கடைசிக் களை ஒரு பக்கம். பையன் காலை முறிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தது இன்னொரு பக்கம்.

திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைங்க அவனுக்கு. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வண்டியில வரும்போது நாய் குறுக்கே ஓடி விழுந்துட்டான். முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் போச்சு. பிளேட் வெச்சு அனுப்பியிருக்காங்க, மூணு மாசம் காலை ஊனக் கூடாதாம். முதல் நாலு நாள் போனைப் பார்த்தான். அஞ்சாவது நாள்ல இருந்து ஓட்டைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தான். முப்பது வயசுப் பையன் அப்படிக் கிடக்கறதைப் பார்த்தா சோறு இறங்குமா?

அப்பத்தான் அவனுக்கு ஒரு லேப்டாப் வாங்கலாம்னு தோணுச்சு. தோணுச்சுன்னு சொல்றது பொய். பன்னெண்டு வருசமா மனசுல கிடந்த கடன் அது.

பிளஸ் டூ பசங்களுக்கு அரசாங்கம் இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சது 2011ல. இவனுக்கு 2012ல கிடைச்சது. எங்க வீட்டுக்குள்ள வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அந்த வருசம் கரண்ட் கட்டு எப்படி இருந்துச்சுன்னு டவுன்ல இருந்தவங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எங்களுக்கு மும்முனை மின்சாரம் ராத்திரியிலதான் வரும். தண்ணி கட்ட நான் சாளைக்குப் போனா இவனும் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுக் கூட வருவான். நான் மடை மாத்திட்டு வந்து பார்த்தா கயித்துக் கட்டில்ல உக்காந்து வெளையாடிக்கிட்டு இருப்பான். குட்டிக் குட்டி ஆளுங்க மரம் வெட்டுவாங்க, வயல் போடுவாங்க, கோட்டை கட்டுவாங்க, அப்புறம் குதிரையில போய்ச் சண்டை போடுவாங்க. சார்ஜ் தீர்ற வரைக்கும் அதே வேலை. நானும் பீடியைப் பத்த வெச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்து பார்ப்பேன்.

2011 வாக்குல குவிண்டால் பத்தாயிரத்தைத் தாண்டி வித்த மஞ்சள் அடுத்த வருசமே நாலாயிரம் பக்கம் வந்து நின்னுச்சு. மழையும் ஏமாத்திடுச்சு. 2013 சித்திரையில வோல்டேஜ் இல்லாம ஓடி போர் மோட்டார் புகைஞ்சு போச்சு. பைப் தூக்கற கூலி, காயில் கட்டற கூலி எல்லாம் சேர்ந்து எட்டாயிரம். கையில மூணுதான் இருந்தது. அரசாங்கம் குடுத்ததை விக்கக் கூடாதுன்னு தெரியும், இருந்தும் கேட்டேன். "எடுத்துக்கங்கப்பா, ஒரு ராத்திரி மட்டும் இருக்கட்டும்"னான். மறுநாள் அஞ்சாயிரத்துக்குக் குடுத்தேன். மோட்டார் ஓடுச்சு. வைகாசியில போர்ல தண்ணி நின்னு போச்சு.

அந்த வருசம் லேப்டாப் இல்லாமத்தான் பாலிடெக்னிக் போனான். அதுக்கப்புறம் என்கிட்ட அவன் ஒண்ணுமே கேட்டதில்லைங்க. ஒரு சட்டைகூட.

சரி, கதைக்கு வர்றேன். எங்க அக்கா பேத்தி கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் படிக்குது. அதுக்குப் போன் போட்டேன். வெளையாட்டோட பேர் எனக்குத் தெரியாது. மரம் வெட்டறது, வயல் போடறது, குதிரைன்னு சொன்னேன். "வயல்ல வெளைஞ்சு முடிஞ்சதும் திரும்ப விதைக்கணுமா தாத்தா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். "ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ரெண்டாவது பாகம். 1999ல வந்தது"ன்னுச்சு.

அந்த வெளையாட்டு வந்தப்ப 32 எம்பி ராம் இருந்தாலே ஓடுமாம். இன்னைக்கு நம்ம கைப்போன்லயே நாலு ஜிபி, அதாவது நூறு மடங்குக்கு மேல. அப்ப எந்தக் குப்பையை வாங்கினாலும் ஓடுமேன்னேன். "அங்கதான் தாத்தா ஏமாத்துவாங்க"ன்னு சொல்லி, என்னென்ன பார்க்கணும்னு வாட்ஸ்அப்புல பேசி அனுப்புச்சு. ரெண்டு கிடாயை வித்த காசு 17,000. அதை மடியில கட்டிக்கிட்டுக் காந்திபுரம் பஸ் ஏறினேன்.

முதல் கடையில புதுசு காட்டினாங்க. பளபளன்னு மெலிசா இருந்துச்சு, விலையும் கிட்டத்தட்டக் கட்டுப்படியாகற விலைதான். பேத்திக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வேண்டாம்னுடுச்சு. செலரான் பிராசஸராம், நாலு ஜிபி ராமை போர்டுலயே ஒட்டியிருக்காங்களாம், பின்னாடி கூட்ட முடியாது. 64 ஜிபி இடத்துல பாதியை விண்டோஸே தின்னுடுமாம். புதுசுங்கறதுதான் அதோட ஒரே பெருமை. சந்தைக்குக் கொண்டு வர்ற அன்னைக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவின மாடு மாதிரின்னு வெச்சுக்கங்க.

ரெண்டாவது கடையில கம்பெனிங்க கழிச்சு விட்ட பழைய லேப்டாப் அடுக்கி வெச்சிருந்தாங்க. இது ஏன் இப்ப மலிவா வருதுன்னு கடைப் பையன்கிட்டயே கேட்டேன். விண்டோஸ் 11 போடணும்னா இன்டெல்ல எட்டாவது தலைமுறையாவது இருக்கணுமாம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட கம்பெனி பொறுப்பு முடிஞ்சு போச்சு. அதனால ஆபீஸ்ல எல்லாம் ஆறாவது ஏழாவது தலைமுறை மெஷினுங்களை மொத்தமாத் தள்ளி விடறாங்க. நல்லா உழுதுக்கிட்டு இருக்கிற மாட்டை டிராக்டர் வந்ததும் ஓட்டி விட்ட கதைதான். பேங்க் வேலை எல்லாம் இதுல பார்க்காதீங்கன்னு அந்தப் பையனே சொன்னான். நல்ல பையன்.

ஒண்ணு மேல ஐ7னு ஸ்டிக்கர் இருந்துச்சு. ஐ5ஐ விட ஒசத்திதானேன்னு கையை வெச்சேன். பேத்தி சொல்லியிருந்தது ஞாபகம் வந்துச்சு: ஸ்டிக்கரைப் பார்க்காதீங்க, உள்ள நம்பரைப் பாருங்கன்னு. பார்த்தா அது முதல் தலைமுறை. கிழடு. அதுக்குப் பக்கத்துல இருந்தது ஐ5, கோடு போட்டு 6300ன்னு இருந்தது. அந்த ஆறுதான் தலைமுறை. எட்டு ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. மாட்டுக்குப் பல்லைப் பார்க்கறோம்ல, அப்படி.

அப்புறம் பேத்தி சொன்னபடி ஒவ்வொண்ணாப் பார்த்தேன். நோட்பேடைத் திறந்து எல்லாக் கட்டையையும் அமுக்கினேன். ஒரு கீ வேலை செய்யலை, வேற ஒண்ணு எடுங்கன்னுட்டேன். திரையை வெள்ளையாக்கிப் புள்ளி இருக்கான்னு பார்த்தேன். மூடியைத் திறந்து மூடிக் கீல் ஆடுதான்னு பார்த்தேன். அணைச்சுப் போட்டதும் பயாஸ்ல பழைய கம்பெனி பூட்டு ஏதும் கேக்குதான்னு பார்த்தேன். கடைசியா கறுப்புத் திரையில ஏதோ ஒரு வரி அடிக்கச் சொல்லிப் பேட்டரி கணக்கு எடுத்தோம். வாங்கினப்ப இருந்ததுல பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்குது. அதைச் சொல்லித்தான் விலை குறைச்சேன். 15,000 சொன்னான், சார்ஜரோட 13,500க்கு முடிஞ்சது. துண்டைப் போட்டுக் கைவிரல் பிடிக்காத குறை. மீதிக் காசுல வீட்டுக்காரிக்கு மல்லிப்பூ, பேத்திக்கு ஒரு கால் கிலோ மைசூர்பா.

வீட்டுக்கு வந்து கட்டில்ல வெச்சேன். எதுக்குங்கப்பான்னான். சும்மா கிடக்கறியே, வெளையாடுன்னேன். அந்தப் பழைய வெளையாட்டை இன்டர்நெட்டுல எடுத்துக்கலாம், பேத்தி சொல்லுச்சுன்னேன். புதுசாப் பண்ணினது ஒண்ணு 2019ல வந்திருக்கு, அது 30 ஜிபி கேக்கும்னும் அது சொன்னதைச் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவங்கம்மாவைக் கூப்பிட்டு, அட்டாலியில இருக்கற தகரப் பெட்டியை எடுக்கச் சொன்னான். மார்க் ஷீட்டுக்கு அடியில ஒரு பென் டிரைவ். நாலு ஜிபி, மூடி இல்லை. அன்னைக்கு ஒரு ராத்திரி கேட்டது இதுக்குத்தான். வெளையாட்டை முழுசா அதுல ஏத்தி வெச்சிருக்கான்.

சொருகினான். டைரக்ட்பிளே வேணும்னு கேட்டுச்சு, போன்ல இருந்து நெட் குடுத்தான். திறந்துச்சு. பார்த்தா புல்லெல்லாம் ஊதா, ஆத்துத் தண்ணி சிவப்பு. எனக்கு வயிறு கலங்கிப் போச்சு, 13,500 போச்சுன்னு. அவன் சிரிக்கறான். விழுந்ததுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சான். "அந்த லேப்டாப்லயும் இப்படித்தாங்கப்பா வரும்"ன்னு எதையோ மூடித் திறந்தான். புல்லு பச்சையாச்சு.

சேமிச்சு வெச்ச பழைய ஆட்டமும் அதுலயே இருந்துச்சு. சாளையில உக்காந்து பாதியில விட்ட ஆட்டம். கோட்டைச் சுவர் பாதி, வயல் ஏழெட்டு, அதுல ரெண்டு காய்ஞ்சு கிடக்கு. அறுபது மரம் குடுத்தா ஒரு வயல் திரும்பப் பச்சையாகிடுது. நம்ம தோட்டத்துக்கு உரக்கடைக்காரன் அவ்வளவுக்குச் சம்மதிப்பானான்னு கேட்டேன்.

விதைச்சுக்கிட்டே, திரும்பாமக் கேட்டான்: "அதை எவ்வளவுக்குக் குடுத்தீங்கப்பா?"

"அஞ்சாயிரம்."

"நான் ரெண்டோ மூணோதான் கிடைச்சிருக்கும்னு நெனைச்சேன். பரவால்லீங்க, நல்ல விலைதான்."

கரண்டு போச்சு. பேட்டரியில ஒண்ணே கால் மணி நேரம் ஓடுச்சு. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு முடியற வரைக்கும் உக்காந்திருந்தேன்.