வேலைத்தளத்து ஆங்கிலம்

வேலைத்தளத்தில் எச்சரிக்கை இரண்டு வழியாக வருகிறது: எழுதி ஒட்டியிருப்பது ஒன்று, யாரோ கத்திச் சொல்வது மற்றது. ஒன்ராறியோவில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு நடக்கும் ஆங்கில வகுப்புகள், 1992 முதல் கனடிய அரசின் செலவில் நடக்கும் லிங்க் வகுப்புகள் உட்பட, முதலாவதை நன்றாகவே கற்பிக்கின்றன. இரண்டாவதற்குப் பெரும்பாலும் நேரம் போதுவதில்லை. ஸ்காபரோவிலிருந்து தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் போகும் தமிழருக்கோ இரண்டுமே முதல் வாரத்திலேயே தேவைப்படுகின்றன.

எழுத்தில் முக்கியமானது இரசாயனப் போத்தல்களின் லேபிள். இதற்கென 1988இல் வந்த விமிஸ் என்ற கனடிய முறை, 2015இல் உலகப் பொதுமுறையோடு இணைக்கப்பட்டது. சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் கறுப்புப் படம் இருக்கும். மண்டையோட்டை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தீச்சுவாலைப் படங்கள்தான் குழப்புகின்றன. சுவாலை மட்டும் இருந்தால் அந்தப் பொருளே தீப்பற்றும். வட்டத்தின் மேல் சுவாலை இருந்தால் அது பக்கத்தில் உள்ளதை எரியத் தூண்டும். மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற மனித உருவம், புற்றுநோய் போன்று காலம் சென்று தெரியவரும் கேட்டைக் குறிக்கிறது. படத்தோடு டேஞ்சர் அல்லது வார்னிங் என்ற சொல் வரும். இரண்டில் கடுமையானது டேஞ்சர். லேபிளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே புதியவரின் கண்ணில் படுவது இரண்டு அந்நிய மொழிகள் நெருக்கியடித்த பொடி எழுத்து. எந்த வரி ஆங்கிலம் என்று பிரித்துக் காட்டுவதிலிருந்தே பாடம் தொடங்க வேண்டியிருக்கிறது.

படங்களுக்குச் செலவாகும் நேரத்தில் பாதியையாவது சின்னச் சொற்களுக்குக் கொடுக்கலாம். ‘கார்ட்’ பொருத்தும் ‘அன்டில்’ இயந்திரத்தை ‘ஸ்டார்ட்’ செய்யாதே என்று பலகை சொன்னால், ஆரம்ப நிலை மாணவர் ஸ்டார்ட்டைப் பிடித்துக்கொள்கிறார். இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் குறிக்கும் கார்ட்டை வாசலில் நிற்கும் காவலாளி என்று நினைக்கிறார். ‘நாட்’, ‘அன்டில்’, ‘அன்லெஸ்’ மூன்றும் கண்ணில் வழுக்கிப் போகின்றன. கட்டளையின் பொருளைத் திருப்பிப் போடுபவை அவைதான். பாடநூல்கள் நீண்ட பெயர்ச்சொற்களைப் பட்டியலிட்டுவிட்டு இவற்றை இலக்கண வகுப்புக்குத் தள்ளிவிடுவது நல்ல ஏற்பாடல்ல.

கத்தலைப் புத்தகத்தால் கற்பிக்க முடியாது. ‘லுக் அவுட்’ என்றதும் வெளியே எட்டிப் பார்க்கவும், ‘ஹெட்ஸ் அப்’ என்றதும் தலையைத் தூக்கவும் சொற்பொருள் தூண்டும். மேலிருந்து குறடு விழும் வேளையில் அதற்கு அவகாசம் இல்லை. ‘டக்’ என்றால் வாத்து என்று படித்தவர் குனிய மாட்டார். கட்டளைக்கு உடலால் பதில் சொல்ல வைக்கும் கற்பித்தல் முறை ஒன்றை 1960களில் கலிபோர்னியாவின் உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வளர்த்தெடுத்தார். ஆசிரியர் சொல்வார், செய்து காட்டுவார். மாணவர் வாய் திறக்காமல் செய்வார். பாதுகாப்புப் பாடத்துக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் வகுப்பறையின் அமைதி தொழிற்சாலையில் கிடையாது. எட்டு மணி நேர வேலைக்கு ஒன்ராறியோ விதி வைத்திருக்கும் ஒலி வரம்பு 85 டெசிபெல். அதை நெருங்கும் இடத்தில், காதடைப்பானும் போட்டிருந்தால், சொல்லின் பாதிதான் வந்து சேரும். அதனால் கைச்சைகையையும் சொல்லோடு சேர்த்தே பழக்க வேண்டும்.

சில சொற்களுக்குப் பின்னால் ஒரு முழு நடைமுறையே இருக்கிறது. ‘லாக்அவுட்’ அப்படியானது. ‘மெசினை நிற்பாட்டியாச்சு’ என்று தமிழில் சொன்னால் பொத்தானை அமுக்கியதும் அடங்கும், மின்சாரத்தைத் துண்டித்ததும் அடங்கும். லாக்அவுட் என்பது சக்தி வரும் வழியை அடைத்து, அதில் வேலை செய்பவர் தன் பூட்டைப் போட்டுத் திறப்பைத் தன்னிடமே வைத்திருப்பது. வகுப்புக்கு ஒரு பூட்டைக் கொண்டுவந்தால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

புதியவரின் வாயிலிருந்து வரவேண்டிய ஆங்கிலமும் உண்டு. கற்பிக்கக் கடினமானது அதுவே. 1979இல் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோ சட்டம், அபாயத்தை அறியவும், பாதுகாப்பு ஏற்பாடுகளில் பங்குகொள்ளவும், ஆபத்தான வேலையை மறுக்கவும் தொழிலாளிக்கு உரிமை தருகிறது. மறுப்பவர் காரணத்தை உடனே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். அவர் தொழிலாளியின் முன்னிலையில் விசாரிக்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் அரசின் ஆய்வாளர் வருவார். மறுத்ததற்காகத் தண்டிக்கக் கூடாது. எல்லாம் ‘திஸ் இஸ் நாட் சேஃப்’ என்று ஒருவர் வாய் திறப்பதில் தொடங்குகிறது. ‘அன்டர்ஸ்டான்ட்?’ என்று மேற்பார்வையாளர் கேட்க, மரியாதைக்குத் தலையாட்டிவிடுவது நம்மவர் வழக்கம். ‘ஷோ மீ அகெய்ன்’ என்று திருப்பிக் கேட்கப் பழக்குவது இலக்கணத்தைவிட அதிக நாள் பிடிக்கும்.

ரொறன்ரோவில் இந்த விதிகள் பலவற்றின் பின்னால் குடியேறியவர்களின் சாவு இருக்கிறது. 1960 மார்ச் 17 அன்று ஹாக்ஸ் ஹாலோ என்ற இடத்தில் ஆற்றுக்கு அடியில் தண்ணீர்க்குழாய்ச் சுரங்கம் தோண்டிய ஐந்து இத்தாலியர் தீயிலும் புகையிலும் சிக்கி இறந்தார்கள். அதன் பிறகே பாதுகாப்புச் சட்டங்கள் திருத்தி எழுதப்பட்டன. 2009 டிசம்பர் 24 அன்று ஒரு மாடிக் குடியிருப்பின் 13ஆம் தளத்தருகே தொங்குமேடை முறிந்து நான்கு பேர் இறந்தார்கள். மேடையில் ஆறு பேர். பாதுகாப்புக் கயிறுகளோ இரண்டே.

இதைத் தொடர்ந்து அமைந்த வல்லுநர் குழுவின் பரிந்துரைப்படி, 2014 ஜூலை 1 முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயமானது. மேலே சொன்ன 1979 சட்டத்தின் விளக்கத்தை ஆங்கிலத்தோடு வேலைத்தளத்துப் பெரும்பான்மையினரின் மொழியிலும் ஒட்ட வேண்டும் என்ற விதியும் இருப்பதால், தமிழர் நிறைந்த கிடங்கில் அது தமிழிலும் இருக்க வேண்டும். உரிமைகளைத் தாய்மொழியில் படிப்பதே சரி. கத்தல் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். பயிற்சி முடிந்ததும் பல இடங்களில் தாளொன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். பேனாவை எடுக்குமுன் ‘நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒருமுறை நானே செய்து காட்டட்டுமா?’ என்று ஆங்கிலத்தில் கேட்கும் வாக்கியத்தைச் சில ஆசிரியர்கள் மனப்பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள்.