ஈரம் காக்கும் சிறு பெட்டி

கடந்த மார்கழியில் ஒரு மாலை, இங்கிலாந்தில் வாழும் எங்கள் மகளின் இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. கைப்பேசித் திரையில் தெரிந்த பதினொரு வயதுப் பேத்தியின் முகம் அழுது சிவந்திருந்தது. தான் வளர்க்கும் பல்லியின் முன்கால் விரல் ஒன்று உதிர்ந்துவிட்டது என்றாள். பல்லிக்காகவா இத்தனை கண்ணீர் என்று முதலில் எங்களுக்குள் ஒரு மெல்லிய நகைப்பு எழுந்தது உண்மையே. நீதிமொழிகள் நூலின் 30ஆம் அதிகாரம், சிறியவையாயினும் ஞானமுள்ளவை என்று எண்ணிக் காட்டும் நான்கு உயிர்களுள் பல்லியையும் வைத்திருப்பது (சில மொழிபெயர்ப்புகளில் அது சிலந்தி) பிறகுதான் எங்கள் நினைவுக்கு வந்தது. அவள் அந்தச் சிறு காலைத் திரையருகே காட்டியபோது எங்கள் நகைப்பு அடங்கிப்போயிற்று.

அவள் வளர்ப்பது 'லெப்பர்ட் கெக்கோ' எனப்படும் சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களே அதன் தாயகம். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமைகள் இல்லை, இதற்கு உண்டு. சுவர்ப் பல்லியின் விரல்களில் உள்ள பற்றும் மெத்தைகள் இதற்கு இல்லை. ஆகவே சுவரேறாது, தரையிலேயே நடமாடும். வறண்ட நிலத்து உயிருக்கு ஈரம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் பகற்பொழுதை அது பாறையிடுக்குகளிலும் மண் வளைகளிலும் கழிக்கிறது. வெளியில் இல்லாத ஈரம் அங்கே தங்கியிருக்கிறது. அந்த ஈரத்தில்தான் பழைய தோல் இளகி முழுமையாய்க் கழல்கிறது. ஈரம் கிட்டாதபோது, விரல் நுனியில் எஞ்சிய தோல் உலர்ந்து மோதிரம்போல் இறுகிவிடும். குருதியோட்டம் நின்று விரல் பட்டுப்போகும். வால் அறுந்தால் மீண்டும் வளரும், விரல் வளர்வதில்லை. குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீட்டின் உலர்காற்றே எங்கள் பேத்தியின் பல்லிக்கு இக்கேட்டை விளைவித்தது.

மூடியுள்ள ஒரு சிறு பெட்டியில் நுழைவழி வைத்து, உள்ளே ஈரம் காக்கும் பொருள் ஒன்றைப் பரப்பி, கூண்டின் வெதுவெதுப்பான பக்கத்தில் வைக்கும்படி கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். எதைப் பரப்புவது என்பதுதான் வினா. பேத்தி அதற்கும் விடை வைத்திருந்தாள். "தாத்தா, பாட்டி, கோத்தகிரியில நாம பார்த்தோமே, மரமெல்லாம் பச்சைக் கம்பளி போர்த்தின மாதிரி! அந்தப் பாசி கொஞ்சம் கொண்டு வாங்க." தை மாதம் நாங்கள் அங்குச் செல்வதாக இருந்தது. "கொண்டு வருகிறோம், கண்ணு" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டோம். அன்பு வாக்களிக்கும் வேகத்தில் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவள் குறிப்பிட்டது கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலையை. ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்புள்ள அச்சோலை, 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. தாழ்வாரத்துச் சிற்றூர்களுக்கு நீர் தருவது அதுவே. பாசி அங்கே அணிகலன் அன்று. மூடுபனியையும் சாரலையும் பற்றி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல மண்ணுக்குக் கொடுக்கும் பாத்திரம் அது. காப்புக் காட்டிலிருந்து ஒரு பிடி எடுப்பதும் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், ஒரு கூண்டின் ஈரத்துக்காக ஓர் ஊரின் ஈரத்தில் கைவைப்பது எங்களுக்கு முறையாகத் தோன்றவில்லை.

காடு வேண்டாம், தோட்டம் இருக்கிறதே என்று எண்ணினோம். குன்னூரில் எங்கள் இல்லத்துக்குக் கீழே தேயிலைத் தோட்டம். முதிர்ந்த செடிகளின் அடித்தண்டிலும் கற்சுவரிலும் பாசி தழைத்துக் கிடக்கிறது. அங்கு நெடுநாள் பணியாற்றி ஓய்வு பெற்ற மேஸ்திரி ஒருவர் எங்களைத் தடுத்தார். "அதைத் தொடாதீங்க சார். மழைக்காலம் பூரா காப்பர் மருந்து அடிச்ச செடிங்க இதெல்லாம்." தேயிலையின் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிப்பது இம்மலையின் நெடுநாளைய வழக்கம். பாசிக்கு மெய்யான வேர் இல்லை. மழையையும் தூசியையும் தன் இலைகளாலேயே உறிஞ்சிக்கொள்கிறது. தன்மேல் விழுந்த உலோகத்தையும் அவ்வாறே சேர்த்து வைக்கும். காற்று மாசினை அளக்க அறிவியலார் பாசியை நாடுவதும் இக்காரணம் பற்றியே. கண்ணுக்குப் பசுமையாய்த் தெரிவதெல்லாம் தூயதன்று என்பதை ஒரு மேஸ்திரியிடம் கற்றோம்.

அதன்பின் முறையாகத் தேடிப் படித்தோம். கடைகளில் கிடைக்கும் உலர்ந்த ஸ்பேக்னம் பாசி தன் எடையைப்போல் பல மடங்கு நீரைத் தாங்கும், எளிதில் அழுகாது. உரமோ சாயமோ சேராததாகப் பார்த்து வாங்கி, அலசிப் பிழிந்து இட வேண்டும். 'பீட்' என்ற பெயரில் விற்பது வேறு. அது சதுப்பு நிலங்களில் நெடுங்காலமாய்ப் படிந்த மட்கு. நம் நீலகிரியின் சதுப்புப் படிவுகளைக் கொண்டு கடந்த 20,000 ஆண்டுகளின் காலநிலையை ஆராய்ந்து, ஆர். சுகுமாரும் உடனாய்வாளர்களும் 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். அத்தனை காலம் சேர்ந்த ஒன்றை வெட்டியெடுத்து ஒரு பெட்டியில் பரப்ப எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

தென்னை நார்க்கழிவு நல்ல மாற்று. மலையிறங்கிக் கோயம்புத்தூரைத் தாண்டினால் பொள்ளாச்சி. அங்கிருந்து அது கட்டிகளாகக் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் செல்கிறது. உப்பு நீங்கக் கழுவியதாக அது இருக்க வேண்டும். இரையோடு சேர்த்து விழுங்கினால் குடலை அடைக்கும் என்பதால், பெட்டிக்குள் உணவிடலாகாது. மணலும் அவ்வாறே அடைப்பை உண்டாக்கக்கூடும். அது ஈரத்தையும் காப்பதில்லை. தேவதாரு, பைன் மரச்சீவல்கள் அறவே ஆகா. அவற்றின் நறுமண எண்ணெய்கள், மூடிய சிறு இடத்தில் பல்லியின் மூச்சுக்கு ஊறு செய்யும். எல்லாவற்றினும் பாதுகாப்பானது எதுவெனில், சமையலறையில் கைதுடைக்கும் வெள்ளைத் தாள்! இளம் பல்லிக்கும் புண்பட்ட பல்லிக்கும் அதுவே சிறந்தது. அழுக்குப் பட்டால் உடனே தெரியும், மாற்றுவதும் எளிது. எதை இட்டாலும் அளவு ஒன்றே: கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டலாகாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். பூஞ்சை தோன்றினால் அன்றே அகற்ற வேண்டும்.

இனி, கொடுத்த வாக்கினின்று மீள வேண்டியதாயிற்று. விடுமுறைப் பரிசாகச் சோலையின் ஒரு துண்டை எதிர்பார்த்திருந்த பிள்ளையிடம், சமையலறைத் தாளைப் போடு என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் தயங்கினோம். மூன்றாம் நாள் அழைத்து, சோலை, மருந்து, மேஸ்திரி அனைத்தையும் ஒளிக்காமல் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப அந்தப் பாசி அங்கேயே இருக்கும்ல? நான் வரும்போது பார்க்கலாம்ல?" இருக்கும் என்றோம். அவ்வாக்கினைக் காப்பது எங்கள் கையில் மட்டும் இல்லை. இம்மலையில் வாழும் எல்லார் கையிலும் இருக்கிறது.

தையில் நாங்கள் சென்றபோது, பழைய உணவுப் பெட்டி ஒன்றில் வட்டமாய் வழி வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, தாளை நனைத்துப் பிழிந்து மூவரும் கூடிப் பரப்பினோம். எங்களுக்குப் பிரியமானதையே பிறருக்குக் கொடுப்பதை இத்தனை காலம் அன்பென்று நினைத்திருந்தோம். எதிரிலிருக்கும் உயிருக்கு எது வேண்டும் என்று கேட்டறிய, இந்த முதுமையில் ஒரு பல்லி எங்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருந்தது.

ஊர் திரும்பிய பின், மாசியில் ஒரு விடியலில் அவளிடமிருந்து படம் ஒன்று வந்தது. பல்லியின் தோல் முழுதும் கழன்றிருந்தது. நான்கு கால்களையும் தனித்தனியே படமெடுத்து அனுப்பியிருந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தேடி அணிந்து, இருவரும் எண்ணிப் பார்த்தோம். பத்தொன்பது விரல்களும் நலமாயிருந்தன.