என்ன மாற்றினீர்கள்?

மிக்ஸி ஓடவில்லை என்று போன் வரும். மெக்கானிக் வந்ததும் அதைக் கவிழ்ப்பார். அடியில் இருக்கும் சின்னச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுச் சுவிட்சைப் போட்டால் ஓடத் தொடங்கும். வீட்டிலுள்ளவர்களுக்கு நிம்மதிதான், ஆனால் பணம் என்றதும் முகம் மாறும். "ஒண்ணுமே மாத்தலையேப்பா, எதுக்குக் காசு?"

வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பவர்கள் ஓயாமல் எதிர்கொள்ளும் கேள்வி இது. கெட்டுப்போன பழைய பாகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் கேட்ட தொகை பெரும்பாலும் வந்துவிடும். எது கெட்டது, எது கெடவில்லை என்று கண்டுபிடித்ததற்குத்தான் மனம் வருவதில்லை. இந்தத் தொழிலின் கெட்டிக்காரத்தனம் முழுக்க அந்தக் கண்டுபிடிப்பில்தான் இருக்கிறது.

அந்தச் சிவப்புப் பொத்தான் ஓவர்லோடு சுவிட்ச். மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் அது தானாகவே துண்டித்துவிடும். ஏன் இழுத்தது? நல்ல மெக்கானிக் அதைத் தெரிந்துகொள்ளாமல் பையை மூட மாட்டார். "ஜாரை எல்லாம் எடுத்துட்டு வாங்கக்கா" என்பார். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியிலிருக்கும் கப்ளரை விரலால் சுற்றிப் பார்ப்பார். வழுக்கிக்கொண்டு சுற்றினால் பழுதில்லை. பிடித்துப் பிடித்துச் சுற்றினால், பிளேடின் அச்சைத் தாங்கும் புஷ் இறுகியிருக்கிறது. பக்கவாட்டில் ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. அப்படித் தேய்ந்திருந்தால், அரைக்கிற ஒவ்வொரு முறையும் சட்னித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மோட்டாருக்குள் இறங்குகிறது. புஷ் மாற்ற ஆகும் செலவு கொஞ்சம். அப்படியே விட்டால் அடுத்துக் கருகுவது மோட்டாரின் ஆர்மேச்சர்.

நம் சமையலறை மோட்டாரைப் பாடாய்ப் படுத்துகிற இடம். சுமீத் மிக்ஸி பிறந்த கதையே அதுதான். 1960களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், தம் வீட்டிலிருந்த ஜெர்மன் மிக்ஸியின் மோட்டார் எரிந்துபோனதைப் பார்த்து, இந்திய அரைவைக்குத் தாங்குகிற ஒன்றைத் தயாரிக்க இறங்கினார். அதற்கும் முன்னால், 1955இல், கோவையில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கியிருந்தார். 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. அதுவரை அம்மியும் ஆட்டுக்கல்லுமாக இருந்த வீடுகளுக்கும் மோட்டார் வந்தது. மோட்டார் போன இடமெல்லாம் அதைக் கழற்றத் தெரிந்தவரும் தேவைப்பட்டார்.

மிக்ஸியாவது கைக்குள் அடங்கும். பழுது கண்டுபிடிப்பதன் அருமை தெரிய வேண்டுமென்றால் ஃபிரிட்ஜைத்தான் பார்க்க வேண்டும். "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று சொன்னால் பெரும்பாலோர் நம்பிவிடுகிறார்கள். அடுப்பு சிலிண்டரைப் போலத் தீர்ந்துபோகும் என்று நினைப்பு. ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் வாயு செலவாகிற பொருளே அல்ல. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். அந்த ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்பிவிட்டுப் போவது வீட்டுக்காரர் பணத்தை வெளியில் ஊதுவதுதான். இதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் நேர்மையானவர் சொல்வதையும் வீட்டுக்காரர்கள் சந்தேகத்தோடு கேட்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

தொழில் தெரிந்தவர் முதலில் கேள்விதான் கேட்பார். ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் மேலே ஃபிரீசர் நன்றாக உறைகிறது, கீழே வைத்த பால் மட்டும் திரிந்துபோகிறது என்றால், அவர் கேஸைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டார். ஃபிரீசரின் பின்தகட்டைக் கழற்றுவார். உள்ளே குளிரூட்டும் காயில் முழுவதும் வெள்ளையாகப் பனி மூடியிருந்தால், பனியை உருக்கும் ஹீட்டரோ சென்சாரோ வேலை செய்யவில்லை. குளிர்ந்த காற்று கீழே போக வழியில்லை. காயிலின் ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்து மற்ற இடம் வெறுமனே இருந்தால்தான் கேஸ் குறைந்திருக்கும் சந்தேகம். இரண்டுக்கும் வீட்டிலுள்ளவர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான்: "குளிரலை."

கேஸும் பழைய கேஸ் இல்லை. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு ஆர்-12 படிப்படியாக மறைந்தது, ஆர்-134ஏ வந்தது. இப்போது வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ. இது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. ஒரு ஃபிரிட்ஜுக்குப் பெரும்பாலும் 100 கிராமுக்குள்தான் பிடிக்கும் என்பதால் தராசில் எடை பார்த்து நிரப்ப வேண்டும். குழாயைப் பற்றவைத்து ஒட்டும் முன் உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டு, பக்கத்து அடுப்பை அணைக்கச் சொல்ல வேண்டும். இந்த எச்சரிக்கைக்குப் பில்லில் இடமே கிடையாது.

சில சமயம் ஒரு தெருவே ஒரே நாளில் கூப்பிடும். மும்முனை இணைப்பில் நியூட்ரல் துண்டித்துக்கொண்டால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கிவிடக்கூடும். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் ஒன்றாகப் போகும். போர்டைக் கழற்றிப் பார்த்தால் பொட்டு அளவில் ஒரு வில்லை வெடித்துக் கருகியிருக்கும். வேரிஸ்டர் என்ற அந்தப் பாகம் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டது. பல நேரம் அதையும் ஃபியூஸையும் மாற்றினால் போர்டு உயிர் பெறும். அதற்குச் சால்டரிங் தெரிந்த கை வேண்டும். தெரியாதவர் ஆயிரக்கணக்கில் விலையுள்ள முழு போர்டையே மாற்றச் சொல்வார்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023இல் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் சேற்றுத் தண்ணீரில் நின்ற ஃபிரிட்ஜ்களுக்குக் கணக்கில்லை. கம்ப்ரஸர் இரும்புக் கூட்டுக்குள் வெல்டிங் வைத்து மூடப்பட்டது. அதற்குள் தண்ணீர் போவதில்லை. வெளியிலிருக்கும் ரிலேயை மாற்றி, நன்றாகக் காயவைத்தாலே ஓடக்கூடிய ஃபிரிட்ஜ்கள் உண்டு. இதைச் சொல்ல ஆள் கிடைக்காத வீடுகளில் அவை பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. பயனர் கையேடு, உதிரி பாகம், வாரன்டி விவரங்களை நிறுவனங்கள் அதில் திறந்து வைக்க வேண்டும் என்பது நோக்கம். தேவையான முயற்சி. ஆனாலும் இன்வெர்ட்டர் ஏசி போர்டின் சர்க்யூட் வரைபடம் தெருமுனை மெக்கானிக்குக் கிடைப்பது இன்றும் பாடுதான். வாட்ஸ்அப் குழுவில் கேட்டும், யூடியூபில் பார்த்தும், வேலை முடிந்த இரவில் செத்த போர்டுகளை மேசையில் போட்டுக் கிளறியும்தான் பலர் படிக்கிறார்கள்.

பாகத்துக்கு மட்டுமே காசு என்று வீடுகள் நினைப்பதால், நன்றாக இருக்கும் கெப்பாசிட்டரையும் மாற்றிக் கணக்குக் காட்டும் பழக்கம் சிலரிடம் வந்துவிட்டது. வேறு சிலர் நேராகவே சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்கு வரும் முன்பே போனில், "செக்கிங் சார்ஜ் இவ்வளவுங்க சார், எதையும் மாத்தலைன்னாலும் அது உண்டு" என்று தொகையைச் சொல்லி, ஒப்புக்கொண்டால் மட்டும் வண்டியை எடுக்கிறார்கள்.