அரை லிட்டர் தின்னரும் அப்பாவும்

பொட்டி தட்டுறவனுக்கு சனிக்கிழமைன்னா தூக்கம். எனக்கு மட்டும் தின்னர் வாடை. மணலி புதுநகர்ல வைகுண்டர் பதிக்குப் பக்கத்துத் தெருவுல, வாசல்ல லுங்கியோட உக்காந்து ஒருத்தன் பம்ப் கழுவிட்டிருந்தா அது அடியேன்தான்.

அப்பா பெயிண்டிங் காண்ட்ராக்டர். குடோன் ஷெட்டோட இரும்புக்கெல்லாம் எபாக்ஸி அடிப்பார். உப்புக்காத்து அடிக்கிற ஊராச்சே, துருவுக்குப் பஞ்சமே இல்லை. கையில இருக்கிறது ஒரே ஒரு ஏர்லெஸ் ஸ்பிரேயர். காத்தே கலக்காம, பெயிண்ட்டை மட்டும் 3000 பிஎஸ்ஐ அழுத்தத்துல சின்ன ஓட்டை வழியா தள்ளி தூளாக்குற மெஷின். கார் டயருக்கு 30 சொச்சம்தான், கணக்கு போட்டுக்கோங்க.

போன வருஷம் மே மாசம். நான் வீட்டுலயே ஆணி புடுங்கிட்டிருந்தேன். சைட்ல ஒரு பையன் வெயில்ல மயங்கி விழுந்துட்டான். அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடின அப்பா போன் பண்ணார்: "லே, பம்ப் ஆட்டோல வருது. உள்ள பெயிண்ட் இருக்கு. வந்த உடனே தின்னர் விட்டு ஓட்டிரு."

"சரிப்பா"ன்னேன். கிளையண்ட் கால் வந்துது. ரெண்டு மணி நேரம் போச்சு.

எபாக்ஸிங்கிறது காத்துல காயற சமாச்சாரம் இல்லைங்க. ரெண்டு டப்பாவையும் கலந்த நிமிஷத்துலேர்ந்தே இறுக ஆரம்பிச்சுடும். டப்பாவுல போட்டிருக்கிற நேரம் 20, 25 டிகிரிக்கு. நம்ம கத்திரிக்கு அதுல பாதி தாங்கினாலே பெரிசு. நான் போய் பாக்கும்போது ஹோஸ், ஃபில்டர், பிஸ்டன் எல்லாம் ஒரே கல்லு.

பம்போட அடிப்பாகம் மொத்தமும் மாத்தணும்னுட்டாங்க. நாலு நாள் வேலை நின்னுது. நாலு பேருக்குக் கூலி அப்பாவோட கைக்காசு. திட்டுவார்னு காத்திருந்தேன். "உங்க மெஷினெல்லாம் ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிரும்லா?"ன்னு மட்டும் கேட்டார். அடிச்சிருந்தாகூட வலிச்சிருக்காது.

அன்னைலேர்ந்து சனிக்கிழமை பராமரிப்பு என் பொறுப்பு. முதல்ல சுவிட்ச் ஆஃப், கன்னுக்கு லாக். அழுத்தத்தைக் குறைச்சு, இரும்பு வாளிக்குள்ள கன்னை அழுத்தி, மிச்ச அழுத்தத்தையும் வெளியேத்தணும். அப்புறம்தான் டிப்பைத் தொடணும். விரல்ல பாய்ஞ்சா கொசுக்கடி மாதிரிதான் தெரியும், ரத்தம்கூட வராது. ஆனா உள்ளே பரவிடும். உடனே ஆபரேஷன் பண்ணலைன்னா விரலே போயிடும். "ஒண்ணுமில்ல"ன்னு பேண்ட்எய்ட் போட்டுட்டு வீட்டுல இருந்துடக்கூடாது.

அடுத்தது தின்னர், தெளிவா வர்ற வரைக்கும். ஃபில்டரை பிரஷ்ல கழுவணும். 517னு நம்பர் போட்ட டிப்பை (5ஐ இரட்டிச்சா 10 இன்ச் அகலம், 17 ஓட்டையோட அளவு, ஒரு இன்ச்ல ஆயிரத்துல 17 பங்கு) ஊறப்போடணும். ஊசி போட்டுக் குத்தினா அம்புட்டுதேன். கடைசியா பிஸ்டன் தண்டைக் கீழே இறக்கி நிறுத்தி, மேல் சீலுக்கு ரெண்டு சொட்டு ஆயில். தண்டு வெளியில நீட்டிட்டு இருந்தா அதுல ஒட்டின பெயிண்ட் காஞ்சு, அடுத்த தடவை சீலைக் கிழிச்சிடும்.

எல்லாம் முடிஞ்சதும் அப்பா வந்து குனிஞ்சு பார்ப்பார். ஒண்ணும் சொல்லமாட்டார். போன வாரம்தான் முதல் தடவையா, பார்க்காமலே வண்டியில ஏத்தினார்.

சரி மக்கா, கை நாறுது. கழுவிட்டு வரேன். வர்ட்டா?