இடம் இருந்தால்

மொழிபெயர்ப்பு வேலையில் ஒப்பந்தப் பத்திரங்களைப் போல் அலுப்பூட்டும் சமாச்சாரம் வேறில்லை. ஆனால் கவிதையில் ஒரு சொல் பிசகினால் விமர்சகர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் பிசகினால் யாருடைய பணமோ போகும். டைம்ஷேர் ஒப்பந்தங்களில் அப்படியொரு தொடர் உண்டு: 'சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி'. தமிழில் இரண்டே சொற்கள். இடம் இருந்தால்.

டைம்ஷேர் என்பது ஒரு விடுதி அறையை ஆண்டுக்கு ஒரு வாரம் பயன்படுத்தும் உரிமையைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே வாங்குவது. 1960களில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் பிறந்த யோசனை. இந்தியாவுக்கு 1980களில் வந்தது. 1986ல் ஸ்டெர்லிங், 1996ல் மஹிந்திரா என்று பெரிய நிறுவனங்கள் இறங்கின. பெரும்பாலும் இங்கே விற்கப்படுவது அறையும் அல்ல, நிலமும் அல்ல, உறுப்பினர் உரிமை. 'ஓனர்ஷிப்' என்ற சொல் விற்பனையாளர் வாயில்தான் அதிகம் வரும், பத்திரத்தில் தேட வேண்டும்.

வருடா வருடம் ஒரே மலைக்குப் போனால் சலிக்காதா? அதற்குத்தான் பரிமாற்ற முறை. 1974ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் தொடங்கிய ஆர்.சி.ஐ., 1976ல் வந்த இண்டர்வல் இண்டர்நேஷனல் இரண்டும் இதில் பெரியவை. உங்கள் வாரத்தை அவர்களிடம் போட்டு வைத்து, வேறொருவர் போட்டு வைத்த வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். கேட்க எளிது. ஆனால் எல்லா வாரமும் ஒன்றல்ல. மே மாதத்து ஊட்டியும் ஆகஸ்ட் மழையில் நனையும் ஊட்டியும் சமமாகுமா? ஊர், பருவம், அறையின் அளவு, விடுதியின் தரம், எவ்வளவு முன்னதாகப் போட்டு வைத்தீர்கள் என்பதையெல்லாம் வைத்து உங்கள் வாரத்துக்கு ஒரு மதிப்புப் போடுகிறார்கள். 'டிரேடிங் பவர்' என்று பெயர். மலிவான பருவத்து வாரத்தை வாங்கிவிட்டுப் பள்ளி விடுமுறையில் கோவா கேட்டால் கிடைப்பது கடினம்.

2000ல் ஆர்.சி.ஐ. புள்ளி முறையையும் கொண்டுவந்தது. வாரத்துக்குப் பதில் புள்ளிகள். மூன்று நாள், நான்கு நாள் என்று உடைத்துச் செலவழிக்கலாம் என்பது வசதி. எந்த அறைக்கு எத்தனை புள்ளி என்ற அட்டவணை நம் கையில் இல்லை என்பது சிக்கல். எந்த முறையானாலும் பரிமாற்றத்துக்கு உறுப்பினர் சந்தா தனி, ஒவ்வொரு மாற்றலுக்கும் கட்டணம் தனி.

இவ்வளவையும் நான் தெரிந்துகொள்ளக் காரணம் என் அக்காவும் அத்தானும். நொய்டாவில் ஒரு மாலில் ஐஸ்க்ரீம் வாங்கியபோது சீட்டு ஒன்றைப் பூர்த்தி செய்து போட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசி. மூன்று நாள் விடுமுறைப் பரிசு; கணவன் மனைவி சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், தொண்ணூறு நிமிடம் போதும். தில்லியில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு நானும் கூடப் போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

இரைச்சலான பாட்டு. இருபது மேஜைகள். யாராவது கையெழுத்திட்டால் மைக்கில் பெயர் சொல்லிக் கைதட்டினார்கள். விலை ஏழு லட்சத்தில் தொடங்கி, மேலாளர் வந்ததும் ஐந்தாகி, கடைசியில் நான்கு லட்சத்தில் நின்றது. "இன்றைக்கு மட்டும்." அத்தானிடம் அந்தப் பையன் கேட்டான்: "அங்கிள்ஜி, கடைசியாக ஆண்ட்டியை எங்கே கூட்டிப் போனீர்கள்?"

அத்தான் தலை குனிந்துவிட்டது. ரயில்வேயில் 36 ஆண்டு வேலை பார்த்தவர். பாஸ் இருந்தும் திருச்சியைத் தாண்டி அக்காவை எங்கும் கூட்டிப்போனதில்லை. கல்யாணம், கருமாதி, குலதெய்வம் என்றே விடுப்புகள் தீர்ந்தன. விற்பனைத் தந்திரத்தில் பொய் இருந்தால் எளிதில் எழுந்து வந்துவிடலாம். கேள்வியில் உண்மை இருந்ததுதான் கஷ்டம். அவர் கை பையிலிருந்த செக் புத்தகத்துக்குப் போனது. அடுத்த ஜூலையில் சின்ன மகளின் மேல்படிப்புக்குக் கட்ட வைத்திருந்த பணம் அது.

நான் பத்திரத்தைக் கேட்டேன். வீட்டுக்குத் தர முடியாது, இங்கேயே படிக்கலாம் என்றார்கள். படித்தேன். இரண்டு பக்கத்தில் நான்கு முறை 'இடம் இருந்தால்'. பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு ரூ. 18,000, அதை உயர்த்தும் உரிமை நிறுவனத்துக்கு. ஒப்பந்தம் 25 ஆண்டு. அத்தானுக்கு அப்போது வயது 61.

அவர்கள் கொடுத்த காகிதத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். நான்கு லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு ரூ. 28,000. பராமரிப்பைச் சேர்த்தால் 46,000. ஏழு இரவுக்கு வகுத்தால் இரவுக்கு ஆறாயிரத்து ஐநூறுக்கு மேல். சாப்பாடு, பரிமாற்றக் கட்டணம் எல்லாம் இதற்கு மேலே. வங்கியில் போட்டால் முதல் அப்படியே இருக்கும். இங்கே 25 ஆண்டில் முதலும் கரைந்துவிடும். "அத்தான், பணம் உங்களது. நாளைக்குக் காலையில் முடிவு செய்தால் என்ன?" என்றேன். நாளைக்கு இந்த விலை இல்லை என்றார் மேலாளர்.

அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள், தனக்குத் தெரிந்த ஹிந்தியில்: "என்னை எங்கே கூட்டிட்டுப் போறதுன்னு இவர் கேட்கட்டும். நீ கேட்காதே தம்பி." எழுந்துவிட்டாள். மூன்று நாள் பரிசுக் கூப்பனைத் தந்தார்கள். அதிலும் அந்த இரண்டு சொற்கள் இருந்தன.

ஐரோப்பாவில் 1994லேயே, கையெழுத்திட்ட பிறகும் குறைந்தது 10 நாள் யோசித்து விலகும் உரிமையைத் தர உத்தரவிட்டார்கள். பின்னர் அது 14 நாளானது. அந்த நாட்களில் முன்பணம் வாங்கவும் தடை. இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. சில நிறுவனங்கள் தாமாகவே விலகும் நாட்களைத் தருகின்றன. அது பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். 2020ல் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' எது என்று வரையறுக்கிறது. நிறுவனம் எங்கிருந்தாலும், நாம் வசிக்கும் இடத்தை வைத்தே வழக்குத் தொடரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டைம்ஷேரே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஒன்பது மாதம் முன்பே விடுப்பு நிச்சயமாகும் குடும்பம், கூட்டமில்லாத பருவத்தில் போகத் தயாரானவர்கள், கையில் உபரிப் பணம் உள்ளவர்கள், நல்ல பருவத்து வாரமாகப் பார்த்து வாங்கினால் பயன்படுத்திக்கொள்ள முடியும். விரும்புகிறவர்கள் முதலில் பழைய உறுப்பினர் ஒருவரைப் பிடித்து, சென்ற மே மாதம் கேட்ட இடம் கிடைத்ததா என்று விசாரிக்க வேண்டும். விலக விரும்பும் உறுப்பினர்கள் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டால், புதிதாக வாங்குவதன் உண்மை மதிப்பு விளங்கிவிடும்.

அந்த அக்டோபரில் அத்தான் ரயில்வே பாஸில் காட்கோதாம் வரை டிக்கெட் போட்டார். நைனிதாலில் நான்கு நாள், சாதாரண விடுதி. போவதற்கு முன் எங்கே போகலாம் என்று அக்காவிடம் கேட்டாராம். ராமேஸ்வரம் என்றாளாம். அது ஜனவரிக்கு.