தறிக்குழியும் மழலைக் கூடமும்

ஆரணியில் நாம் பங்குப் பணியேற்ற 2016-ஆம் ஆண்டில், ஆலய வளாகத்து மண்டபத்தில் மாலைநேரப் பாடவகுப்பு ஒன்று நடந்துவந்தது. அவ்வகுப்பில் சேராமலேயே நாள் தவறாமல் வந்த சிறுமி ஒருத்தி உண்டு. ஒன்பது வயதிருக்கும். தம்பியை இடுப்பில் சுமந்தபடி சன்னலுக்கு வெளியே நின்று கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருப்பாள். "உள்ளே வந்து உட்காரம்மா" என்று அழைத்தால், "தம்பி அழுவான் சாமி" என்பாள். "பகலில் பள்ளிக்கூடம் போகிறாயா?" என்று ஒருநாள் கேட்டோம். விடை கூறாமல் தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

மறுநாள் அவள் இல்லம் தேடிச் சென்றோம். கல்வியின் மேன்மையை அவள் பெற்றோருக்கு எடுத்துரைக்க வேண்டுமென்று வழிநெடுகச் சொற்களை அடுக்கிக்கொண்டே போனோம். வீட்டின் முன்கட்டு முழுவதையும் குழித்தறி அடைத்திருந்தது. தந்தை குழிக்குள் கால்களை விட்டு மிதித்து நெய்துகொண்டிருந்தார். தாய் ராட்டையருகே அமர்ந்து ஊடைக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தறியில் ஏறியிருந்த பட்டும் சரிகையும் பிறர் கொடுத்தவை. குறித்த நாளில் சேலை இறங்காவிட்டால் அந்த வாரத்து அடுப்பு எரியாது. நாம் வாய் திறக்குமுன் அந்தத் தாயே கேட்டுவிட்டார்: "இவ பள்ளிக்கூடம் போயிட்டா இந்தப் புள்ளைய யாரு சாமி பாக்குறது? நடந்துபோயி தறிக்குழியில வுழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

நாம் அடுக்கிச் சென்ற சொற்களுள் இக்கேள்விக்கான விடை இருக்கவில்லை. மோர் கொடுத்தார்கள். அருந்திவிட்டுத் திரும்பினோம்.

அரசின் ஏற்பாடு இல்லாமலில்லை. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் தொடங்கியது. இன்று நம் மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் உள்ளன. ஆயினும் அங்கு முன்பருவக் கல்விக்குச் சேர்வது இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளே. அதனினும் இளையோர்க்குச் சத்துமாவும் எடை பார்த்தலும் உண்டேயன்றி, பகல் முழுவதும் வைத்துப் பேணும் ஏற்பாடு இல்லை. சிறுமியின் தம்பிக்கோ ஒன்றரை வயது. அந்த ஆறு மாத இடைவெளியில்தான் அக்காளின் படிப்பு விழுந்து கிடந்தது.

இது ஆரணிக்கு மட்டுமே உரிய துன்பமன்று. உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறு பிள்ளைகள் கவனிப்பாரின்றித் திரிந்தார்கள். அவர்களுக்காகவே 1907 சனவரி 6-ஆம் நாள் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். அதே அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததும், போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்ததும் நாம் அறிந்தவையே. குருமடத்தில் அவரைப் பற்றிப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தோம். ஆனால், அவர் கதவைத் திறந்தது எவருக்காக என்பது ஆரணித் தெருவில் நின்றபோதுதான் நமக்கு விளங்கியது.

ஆலய மண்டபம் பகலெல்லாம் பூட்டியே கிடந்தது. பூட்டைத் திறந்தோம். அன்பியக் கூட்டங்களில் பேசியதன் பயனாக நான்கு பாட்டிமார் முறைவைத்து வர இசைந்தார்கள். ஒன்பது பிள்ளைகளோடு தொடங்கினோம். சமயம், சாதி எதுவும் கேட்கவில்லை. விளையாட்டுப் பொருள் வாங்கப் பணமில்லாததால், எண்ணி விளையாடட்டுமென்று ஒரு கூடை புளியங்கொட்டையை நாமே கொண்டுவந்து கொட்டினோம். அரைமணி நேரத்தில் ஒரு பிள்ளை அதிலொன்றை மூக்கில் நுழைத்துக்கொண்டது. மருத்துவமனைக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது மூத்த பாட்டி கூடையை வெளியே வைத்துவிட்டு, "சாமி, நீங்க பூசை வைங்க, புள்ளைங்கள எங்ககிட்ட வுடுங்க" என்றார். மறுநாள் முதல் ஒரு நடைவண்டியும், மண்பானைகளும், தேங்காய்ச் சிரட்டைகளும், ஈர மணலும், பழைய சேலைத் துணிகளுமே மண்டபத்தின் உடைமைகளாயின. வாய்க்குள் அடங்கும் எப்பொருளும் உள்ளே வரலாகாது என்பது பாட்டிமார் இயற்றிய முதல் சட்டம்.

அதற்குள் மற்றொரு தொல்லை எழுந்தது. "மணல்ல விளையாட வீட்டுத் திண்ணையே போதுமே சாமி, ஏ, பி, சி, டி எப்ப சொல்லித் தருவீங்க?" என்று பெற்றோர் கேட்கலாயினர். கடன் வாங்கியேனும் ஆங்கில மழலையர் பள்ளிக்கு அனுப்பத் துணிந்தவர்கள் அவர்கள். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பிள்ளை தறிக்குழியைத் தாண்டி எழவேண்டும் என்பதுதானே அவர்கள் வேட்கை! ஆகவே இணங்கினோம். பலகைகள் வந்தன, சுவர்ப் படங்கள் வந்தன. பிள்ளைகள் வரிசையில் அமர்ந்தார்கள். மண்டபம் அமைதியாயிற்று. அதை ஒழுங்கு என்றெண்ணி மகிழ்ந்தோம்.

அந்த வரிசையில் மூன்று வயதை நெருங்கிய சிறுவன் ஒருவன் வாயே திறப்பதில்லை. எழுத்தைக் காட்டினாலும், பெயரைக் கேட்டாலும் வெறித்துப் பார்ப்பான். பேச்சு வராத பிள்ளையென்று நாமே முடிவுகட்டி, மருத்துவரிடம் காட்டும்படி அவன் தந்தைக்கும் சொல்லிவிட்டோம். ஒருநாள் வழக்கமான பாட்டிக்கு உடல்நலமில்லை. அவருக்கு மாற்றாக அடுத்த தெருவிலிருந்து சௌராட்டிர மூதாட்டி ஒருவர் வந்தார். நெசவையே வாழ்வாகக் கொண்ட அம்மக்கள் ஆரணியிலும் வாழ்கின்றனர். வீட்டில் தம் தாய்மொழியிலேயே பேசுவர். மூதாட்டி அச்சிறுவனை மடியில் இருத்தி அம்மொழியில் ஏதோ கேட்டார். மடைதிறந்தாற்போல் அவன் பேசத் தொடங்கினான். கண்களில் நீர் வழியப் பேசிக்கொண்டேயிருந்தான். அத்தனை மாதங்களாக அவன் ஊமையாக இருந்ததில்லை. நாம்தாம் செவிடாக இருந்தோம்.

அன்றே பலகைகளை அடுக்கிப் பூட்டினோம்.

நியூசிலாந்தில் மவோரி மக்கள் தங்கள் மொழி தேய்வதைக் கண்டு, 1982-இல் 'கோஹங்கா ரேயோ' என்னும் மழலைக் கூடத்தைத் தொடங்கினார்கள். 'மொழிக்கூடு' என்பது அதன் பொருள். பாட்டன் பாட்டிமாரே அங்கு ஆசிரியர்கள். சமோவா முதலிய பசிபிக் தீவுகளிலிருந்து அங்குக் குடியேறிய மக்களும், அதைப் பின்பற்றித் தங்கள் ஆலயக் கூடங்களிலேயே அத்தகைய கூடுகளை அமைத்தார்கள். கடல்கடந்த அம்மக்களைப் பற்றி நாம் படித்தறிந்தது பின்னாளில்தான். கூடு என்ற அச்சொல் நெஞ்சில் தைத்தது. கூட்டில் குஞ்சுக்குப் பறக்கும் விதிகளை எவரும் கற்பிப்பதில்லை. வெம்மை கிடைக்கிறது, குரல் கேட்கிறது, சிறகு தானே முளைக்கிறது. அதன்பின் எம் மண்டபத்தில் தமிழும் சௌராட்டிரமும் உருதும் கலந்து ஒலித்தன. பெற்றோர் சிலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டது உண்மை. ஆனால், ஒரு முற்பகல் வந்திருந்து பார்த்த தாய்மார் தம் பிள்ளைகளை நிறுத்தவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மண்டபம் மூடிற்று. தறிகள் ஓய்ந்தன. மறு ஆண்டின் இறுதியில் திறந்தபோது பாட்டிமாருள் இருவர் உயிரோடில்லை. மற்ற இருவர் தங்கள் மருமக்களை அழைத்துவந்தார்கள்.

சன்னலுக்கு வெளியே நின்ற சிறுமி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். கட்டாயக் கல்விச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பான நான்காம் வகுப்பில் அவளைச் சேர்த்தோம். முதல்நாள் காலை தம்பியை மண்டபத்தில் இறக்கிவிட்டுத் திண்ணையிலேயே நின்றாள். இடுப்பில் பாரம் இல்லாமல் எப்படி நடப்பதென்று அறியாதவள்போல் இருந்தது அவள் நிலை. பிறகு ஓடினாள். திரும்பியே பார்க்கவில்லை. நாம் வேறு பங்கிற்கு மாற்றலாகி வந்துவிட்டோம். 2025-இல், பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய செய்தியைத் தொலைபேசியில் சொன்னாள்.

அவளுக்கு மூத்தவளாய் ஓர் அக்காளும் உண்டு. நாம் மண்டபத்தைத் திறப்பதற்கு முன்பே படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டவள் அவள். அவளும் ஒரு காலத்தில் அதே சன்னலருகே தங்கையைச் சுமந்து நின்றிருப்பாள். அன்றும் எம் மண்டபம் அங்கேதான் இருந்தது, பூட்டியபடி.

நம் ஆலயங்கள் பலவற்றில் இத்தகைய மண்டபங்கள் உண்டு. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் திறப்பவை. சாவி யாரிடம் இருக்கிறதென்று இந்த ஞாயிறன்று கேட்டுப் பாருங்களேன்.