அப்பாயியின் முள்ளெலி

தை பிறந்துவிட்டால் இலங்கை மலையகத்தின் டிக்கோயாப் பக்கம் மழை ஒதுங்கிவிடும். இரவில் எலும்பைக் குடையும் குளிர். பகலில் சுள்ளென்ற வெயில். மானாப்புல் காய்ந்து மஞ்சளாய்க் கிடக்கும், எங்காவது ஒரு மூலையில் தீ புகையும். மாசியில் காமன் ஊன்றும் நாட்களில் பீலித் தண்ணீர் நூலாய் இறங்கும். ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு பெண்கள் சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிடலாம்.

அந்தத் தண்ணீரிலும் அப்பாயி ஒரு பங்கு எடுத்துவைப்பாள். லயத்துக்குப் பின்னால் எங்கள் மரக்கறித் தோட்டத்து ஓரம் உடைந்த சட்டியின் அடிப்பாகம் ஒன்று மண்ணில் பதிந்திருந்தது. பொழுது சாய்ந்ததும் அதில் ஊற்றுவாள். யாருக்கு என்று கேட்டால், "முள்ளெலிக்கு" என்பாள்.

இலங்கையில் முள்ளெலியே கிடையாது. அப்பாயிக்கு அதைச் சொன்னவர்கள் உண்டு, அவள் நம்பவில்லை. சாத்தான்குளத்துப் பக்கம் செம்மண் தேரியில் பிறந்து, சிறுமியாக மண்டபம் முகாம் வழியே கப்பலேறி வந்தவள். பனங்காட்டில் இரவில் டார்ச் இல்லாமலே முள்ளெலியைக் கண்டுபிடிப்பார்களாம். சருகுக்குள் மூக்கை நுழைத்து வண்டும் கறையானும் தேடும்போது மூசுமூசென்று சத்தம் வருமாம். தொட்டால் முகத்தையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு முள்ளுருண்டையாகிவிடும். 1851இல் ஹார்ஸ்ஃபீல்டு பெயரிட்டு எழுதிய மெட்ராஸ் முள்ளெலி இதுதான் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வாசித்தேன். தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் அது இல்லை.

எங்கள் சட்டிக்கு வந்தது முள்ளம்பன்றி. காலையில் மரவள்ளி மூடுகள் தோண்டப்பட்டுக் கிடக்கும், பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள். அப்பா அதை எடுத்து நீட்டுவார்.

"ஆத்தா, ஒன் எலி ஒரு சாண் முள்ளு போட்டிருக்கு பாரு. தண்ணியும் குடிச்சிட்டு, கெழங்கயும் தின்னுட்டுப் போயிருக்கு."

"ஊரு விட்டு ஊரு வந்ததுல வளந்திருக்கும்" என்பாள் அப்பாயி. வேடிக்கையாகச் சொன்னாளா, நிசமாகவா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

1973, 74 பஞ்சத்தில் இந்தப் பேச்சு கசந்தது. ரேஷன் மா குறைந்துபோன நாட்கள், மரவள்ளிதான் சோறு. அப்பா கம்பிச் சுருக்கு கட்டினார், கட்டாத வீடும் இல்லை. பிள்ளைகள் பசித்துக் கிடக்க முள்ளம்பன்றிக்கு யார் பாவம் பார்ப்பது? அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பஞ்சம் போன பின்னும் சுருக்கு மலையை விட்டுப் போகவில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்தில் கம்பி இறுகிக் கிடந்தது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. கம்பிக்குப் பன்றியும் சிறுத்தையும் ஒன்றுதான்.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி அத்தைக்கு இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்தது அந்தப் பஞ்சத்தை ஒட்டித்தான். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி புறப்படும்போது எழுந்த ஒப்பாரியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அப்பாயி அன்று அழவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மகளிடம் ஊர்ப் பாதை சொல்லிக்கொண்டிருந்தாள்: எந்த இடத்தில் இறங்குவது, எந்தக் கிணற்றடியில் திரும்புவது என்று. நாற்பது வருசத்துக்கு மேலாகிவிட்ட பாதை. கோச்சி நகர்ந்த பிறகும் வாய் ஓயவில்லை.

அத்தையின் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். மூன்றாவதோ நான்காவதோ கடிதத்தில் முள்ளெலி வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கக்குவான் இருமல் என்று அதன் முள்ளைச் சுட்டுக் கரியாக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தார்களாம். அப்பாயி நாக்கைத் தட்டினாள். "எனக்குந்தான் குடுத்தாங்க. இருமல் அதுபாட்டுக்கு இருந்துச்சு." முள்ளில் இருப்பது நம் நகத்தில் இருக்கும் அதே பொருள்தான், இருமலுக்கு நகத்தைச் சுட்டுத் தின்ன எவரும் தயாரில்லை. தென்மாவட்டங்களில் இந்த மருந்துக்காகவே எத்தனையோ முள்ளெலிகள் பிடிபட்டிருக்கின்றன, மிச்சமிருப்பவை இரவில் ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுகின்றன.

பதில் கடிதத்தை அப்பாயி சொல்லச் சொல்ல எழுதினேன். நலம் விசாரிப்பு இரண்டே வரி, மற்றதெல்லாம் முள்ளெலி. சித்திரை வெயிலுக்குள்ளே தண்ணீர் வைக்க வேண்டும். ஆழமில்லாத சட்டியாகப் பார்த்து வை. உள்ளே ஒரு கல்லைப் போடு, சின்னது விழுந்தாலும் ஏறி வந்துவிடும். பால் ஊற்றிவிடாதே, கழிந்தே செத்துப்போகும். வேலியோரத்துச் சருகைக் கூட்டித் தீ வைக்காதே, பகலில் அதற்குள்தான் படுத்திருக்கும்.

தபால் போய், பதில் வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. திரும்பி வந்தவர்களுக்கான வியாபாரக் கடன் இன்னும் கைக்கு வரவில்லை, சிலோன்காரி என்று தண்ணீர்க் குழாயில் பின்னால் தள்ளுகிறார்கள் என்று அத்தை எழுதியிருந்தாள். முள்ளெலியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்பாயி இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.